பையர் பாட்டு

கம்பெனி பஸ்ஸின் ஹார்னைக் கேட்டு மணி சொன்னவர்கள், பாலாற்றில் தண்ணீர் ஓடியதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தவர்கள், இப்போது மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிறவர்கள், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் பாதியில் போனைப் பார்க்கிறார்கள். உங்களுக்குக் கண்ணாடி இல்லாமல் போனில் ஒன்றும் தெரியாது. அதனால் கடைசி வரை கேட்பீர்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் வேலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலில் அவன் போனிலிருந்து ஒரு பாட்டு வந்தது. பாட்டு என்று அதைச் சொல்ல எங்கள் காலத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தும் என்று ஓர் அடி, பின்னாலேயே தகரத்தைத் தட்டினாற்போல் ஒரு சத்தம், அதன்மேல் ஓர் ஆள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிறான். தோசை கருகுகிற வாசனை வந்த பிறகும் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்திருந்தது. எங்கே அவன் மூச்சு வாங்குவான் என்பதுகூடத் தெரிந்திருந்தது.

"டேய், இது உனக்கு எப்படிடா கிடைச்சுது?"

"இன்னாம்மா கேக்கற, இது யார்கிட்ட இல்ல? உலகத்துல ராப் பாடறவன் எல்லாம் இதக் கேட்டுட்டுத்தான் வாயையே தொறந்தான். நம்ம ஆம்பூர் பசங்க இப்ப பாடறானுங்களே, அவனுங்களுக்கும் இதான் பாலபாடம்."

அந்தப் பாட்டு இருக்கிற ஆல்பம் வெளிவந்த நாளை ஊர் ஊராகக் கொண்டாடுகிறார்களாம். போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள், இது என் உயிரைக் காப்பாற்றிய ஆல்பம், இதுதான் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பேரையும் சொன்னான். அது என் வாயில் நுழையவில்லை. எங்களுக்கு அதன் பேர் பையர் பாட்டு.

எங்கள் வீடு மாதனூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்தது. அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். ஊறிய தோலைத் தூக்கித் தூக்கி அவர் விரல் நகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் புளியைக் கரைத்துக் கையைத் தேய்ப்பார், போகாது. அந்த நாற்றம் எங்களுக்கு நாற்றமாகத் தெரிந்ததே இல்லை. அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான். அம்மா கூலிக்கும் போவாள், இருந்த கொஞ்ச நிலத்தில் கம்பு விதைப்பாள்.

அக்கா என்னைவிட ஏழு வயசு பெரியவள். அவளுக்கு வாய் திக்கும். ஏதோ ஓர் எழுத்தில் கொஞ்சம் தடுக்குவது என்று நினைக்காதீர்கள். ஒரு சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் இறுக மூடிக்கொள்ளும், வலது கால் தரையை உதைக்கும். எதிரில் நிற்கிறவர்கள் பார்க்க முடியாமல் அந்தச் சொல்லை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் தப்பாகத்தான் முடிப்பார்கள். ஆனாலும் விட்டால் போதும் என்று தலையாட்டிவிடுவாள். அவள் பேர்தான் அவளுக்குப் பெரிய கண்டம். வேறு எந்தச் சொல்லையாவது சுற்றி வளைத்து மாற்றிச் சொல்லலாம். சொந்தப் பேரை என்னவென்று மாற்றுவது?

வைத்தியம் பார்க்காமல் இல்லை. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினார்கள். கிளி கொத்திய கொய்யாப்பழத்தைத் தேடி அப்பா தோப்புத் தோப்பாக அலைந்தார். வேலூரில் ஒரு தர்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போனார்கள். திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றார்கள். அதற்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் கசாயத்தோடு விட்டுவிடுகிறவர், அக்காவுக்காக இவ்வளவும் செய்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நீங்கள் அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக்கூடாது.

பெண் கேட்டு இரண்டு இடம் வந்தது. இரண்டு பேருமே முதலில் கேட்டது, "உன் பேரு இன்னாம்மா?" என்றுதான். அக்கா நின்றாள், கண்ணை மூடினாள், காலை உதைத்தாள். அம்மா பின்னாலிருந்து அவள் பேரைச் சொன்னாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத் தரகரிடம் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள்.

பத்தாவதோடு அவளை ஷூ கம்பெனிக்கு அனுப்பினார்கள். அப்பர் தைக்கிற செக்‌ஷன். ஷூவின் மேல்பாகத்துத் தோலை மிஷினில் தைப்பார்கள், அதற்குப் பேர் அப்பர். வரிசையாக மிஷின் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. காலையில் கம்பெனி பஸ் எங்கள் ஊர் முனைக்கு வரும். எனக்கு ஆம்பூரில் பெண்கள் பள்ளிக்கூடம். டவுன் பஸ்ஸில் நெரிசல் ஜாஸ்தி என்று டிரைவர் அண்ணன் என்னையும் அக்கா பக்கத்தில் ஏற்றிக்கொள்வார். சூப்பர்வைசர் கண்ணில் படாமல் கம்பெனி கேட்டுக்கு முன்னாலேயே இறக்கியும் விடுவார்.

இனி அந்த ஆடி மாசத்துக்கு வருகிறேன். பையர் என்றால் உங்களில் கம்பெனிக்குப் போனவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வருகிற ஆள். அவர் வருகிற வாரம் கக்கூஸில் புது சோப்பு இருக்கும், கேன்டீன் சாம்பாரில் காய் இருக்கும். அந்தத் தடவை வந்த பையர் சின்னப் பையன், காதில் வளையம் போட்டிருந்தானாம். ஏர்போர்ட்டுக்குத் திரும்பும்போது கம்பெனி காரிலேயே ஒரு கேசட்டை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். அட்டை இல்லை, டப்பா இல்லை, வெறும் கேசட். கார் டிரைவர் அதை பஸ் டிரைவருக்குக் கொடுத்தார். பஸ்ஸில் இருந்த சினிமாப் பாட்டுக் கேசட் அந்த வாரம்தான் நாடா சிக்கிச் செத்திருந்தது.

டிரைவர் அண்ணன் அதைப் போட்ட முதல் நாள் பஸ்ஸே கூச்சல் போட்டது.

"இன்னாண்ணா இது, பாடறானா சண்ட போடறானா?"

"காலங்காத்தால பேஜாரா கீது, நிறுத்துண்ணா."

"சும்மா ஓடுற பஸ்ஸுக்கு ஏதோ ஒரு சத்தம் வேணாமா? கேளுங்க," என்றார் அவர். அவருக்கு நாடா சிக்காமல் ஓடினால் போதும்.

நான் ஜன்னலோரம் இருந்தேன். என் தலைக்கு மேல் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். அந்தக் கை கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. தும் விழுகிற இடத்தில் உள்ளங்கை, தகரம் விழுகிற இடத்தில் மோதிர விரல். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் பசிக்கும்போது சோற்றுப்பானையைப் பார்ப்பாளே, அந்த முகம்.

ஒரு வாரம் போனதும் உதடு அசைய ஆரம்பித்தது. பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். அந்த ஆள் பேசுகிற அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. என்ன பாஷை என்றே சொல்ல முடியாத இங்கிலீஷ், ஆனால் ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை, கால் உதைக்கவில்லை.

"அக்கா! திக்கலக்கா!"

அவள் என் வாயைப் பொத்தினாள். ஆனால் சிரித்தாள். அதுவரை அவள் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பிரேயரில்கூட அவளைப் பின்வரிசையில் நிறுத்திச் சும்மா நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வசம்பு செய்யாததைப் பையர் பாட்டு செய்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பேச்சும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இறங்கும்போது டிரைவர் அண்ணனிடம் "வர்றேன்" சொல்ல வழக்கம்போல் அவள் திணறினாள். மருந்து இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

பஜாரில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த பாயிடம் கொடுத்து அந்தக் கேசட்டை நகல் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் இரவல் கொடுக்க டிரைவர் அண்ணன் மறுக்கவில்லை. பாய் ஒரு நிமிஷம் போட்டுக் கேட்டுவிட்டு, "இன்னா பேட்டா, இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். எங்கள் வீட்டில் ஒரு பழைய டேப்ரிக்கார்டர் இருந்தது. அம்மா வயலுக்குப் போன பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்போம்.

ஆவணி பிறந்ததும் அவள் இங்கிலீஷை விட்டுவிட்டாள். அதே அடிக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். தமிழ் என்றால் கம்பெனித் தமிழ். எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்:

வெட்டுறது கட்டிங்கு, சீவுறது ஸ்கைவிங்கு,
ஒட்டுறது பேஸ்டிங்கு, ஓட்டுறது மிஷினு,
ஊரு தாண்டிக் கடலு தாண்டி யாரு காலுக்கோ பூட்ஸு,
பஸ்ஸ விட்டு எறங்கினா எங்க காலுக்கு ஹவாய்.

எங்கள் எல்லார் காலிலும் ஹவாய் செருப்புதான். பாட்டு இன்னும் நீளமாகப் போகும். கேன்டீன் வரும், டார்கெட் வரும், ஒண்ணுக்குப் போக டோக்கன் வாங்குவது வரும். முன்சீட்டு அக்கா ஒருத்தி ஒருநாள் திரும்பிப் பார்த்துவிட்டாள். அடுத்த நாள் அந்த சீட்டு முழுக்கத் திரும்பியது. புரட்டாசிக்குள் பஸ்ஸே அவளுடையதாகிவிட்டது. அவள் சொல்வாள், "எங்க காலுக்கு" என்று அவள் நிறுத்துகிற இடத்தில் ஐம்பது பொம்பளைகள் சேர்ந்து "ஹவாய்!" என்று கத்துவார்கள். டிரைவர் அண்ணன் அந்த இடத்தில் ஹார்ன் அடிப்பார். பெண்கள் வேலைக்குப் போகிற மாதிரியே இருக்காது, திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருக்கும். என் அக்காவை நான் சந்தோஷமாகப் பார்த்தது அந்த இரண்டு மாசம்தான்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் கம்பெனிக்குள் வீட்டு ஆட்களை விடுவார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலைப் பொட்டலம் கொடுத்து, பிறகு மைக் வைத்துப் பாட்டு, டான்ஸ் எல்லாம் நடக்கும். அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வந்தார்கள். மகள் உட்காருகிற மிஷினைத் தொட்டுப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மைக்கில் யாரோ சினிமாப் பாட்டுப் பாடி முடித்ததும் பஸ் பொம்பளைகள் ஒரே பிடியாக அக்காவைப் பிடித்துத் தள்ளினார்கள். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கைதட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தி ஷூவை மாட்டி அடிக்கிற கட்டைக்கால் ஒன்றை எடுத்து மேஜைமேல் தட்டினாள். தும், தகரம், தும். அக்கா கண்ணை மூடினாள். திணறப்போகிறாள் என்று எனக்கே பயமாக இருந்தது. திறந்தபோது அவள் வாயிலிருந்து வந்தது என்னவோ அருவிதான். கம்பெனி முழுக்க நின்று கேட்டது. மேனேஜர் சிரித்தார். டோக்கன் விஷயம் வந்தபோது சூப்பர்வைசரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். "மாஷா அல்லா, இன்னா வாயிடா இது!" என்றார் கட்டிங் செக்‌ஷன் பெரியவர் ஒருவர். "ஹவாய்!" என்று கூரை அதிர்ந்தது. பரிசாக ஒரு சில்வர் தூக்கு கொடுத்தார்கள்.

நான் ஓடிப்போய் அம்மா கையைப் பிடித்தேன். அம்மாவின் கை ஈரமாக இருந்தது. பக்கத்தில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி குனிந்து கேட்டாள்.

"உங்க பொண்ணுக்கு வாய் திக்கும்னு இல்ல சொன்னாங்க?"

அப்பா பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அக்கா தூக்கை அடுப்படியில் வைத்தாள். அப்பா கூடத்தில் நின்றபடியே கேட்டார். சத்தம் போடவில்லை.

"அப்போ இத்தன வருசமா நடிச்சியா?"

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை.

"ரெண்டு எடம் வந்து போச்சே. பேரு இன்னான்னு கேட்டதுக்குக் கண்ண மூடி கால ஒதச்சியே. கட்டிக்க இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? எவன மனசுல வெச்சிக்கினு இந்த ஆட்டம் ஆடின?"

"இ... இ... இ..."

"பாரு, இப்ப திக்குது பாரு! அங்க ஆயிரம் பேரு முன்னால திக்கல, பெத்தவன் முன்னால மட்டும் திக்குது!"

"ப்... ப்பா... பா... பா..."

அவள் என்னவோ சொல்லத்தான் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, கால் தரையை உதைத்தது. எவ்வளவு கஷ்டப்பட்டாளோ அவ்வளவும் நடிப்பாகத்தான் அவர்கள் கண்ணுக்குப் பட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கொய்யாப்பழத்துக்கு எத்தன தோப்பு அலைஞ்சாருடி இந்த மனுசன்! நெஞ்சுல ஈரமே இல்லியாடி உனக்கு?" அப்பா கை ஓங்கினார், அடிக்கவில்லை, திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று அந்த மனிதர் முழுசாக நம்பினார். நடந்ததில் ஒரே சந்தோஷமான சேதி, திக்கல் இல்லாத கொஞ்ச நேரம் அவளுக்குக் கிடைத்தது என்பது, ஒருத்தர் தலையிலும் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து கம்பெனி கிடையாது. ஊர் முனையில் பஸ் வந்து ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போகும். சில நாள் கழித்து அதுவும் நின்றது. நகல் கேசட்டை அம்மா கண்டுபிடித்தாள். எரித்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் எதையும் வீணாக்க மாட்டார்கள். நாடா முழுவதையும் உருவி, கம்பங்கொல்லையில் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினாள். குருவி விரட்ட அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். காற்றடித்தால் நாடா பளபளவென்று திரும்பி விர்ரென்று இரையும். அக்காவைக் கொல்லைக் காவலுக்கு அனுப்பினார்கள். அந்த நாடாவுக்கு அடியில் அவள் உட்கார்ந்திருப்பாள். நான் பள்ளிக்கூடம் விட்டுப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஒருநாள்கூட அவள் எதையும் தட்டிப் பார்த்ததில்லை.

கார்த்திகையில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். திருப்பத்தூர் பக்கம், மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். வாய் திக்குமாமே என்று அவர்கள் காதுக்கும் சேதி போயிருந்தது. அப்பா மார்தட்டிச் சொன்னார்: "யாரு சொன்னது? கம்பெனி மேடையில மைக் புடிச்சு விளாசினா, வேணும்னா ஆம்பூர்ல போய் விசாரிச்சுக்கங்க." விசாரித்தார்கள். ஆமாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பேர் கேட்கிற சடங்கே இல்லாமல் முடிந்த கல்யாணம் அது.

அங்கே போய் அவள் கடையில் உட்காரவேண்டியிருந்தது. வந்தவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும், உள்ளே இருக்கிற மாமியாரைக் கூப்பிடவேண்டும், இல்லாத சாமானை இல்லை என்று சொல்லவேண்டும். இவள் கையைக் காட்டினாள். மேடையில் பேசுகிறவளுக்கு எங்களோடு பேச இளக்காரம் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னாலேயே அவளை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். "பொண்ணுக்குத் திமிரு ஜாஸ்தி, நீங்களே வெச்சிக்கங்க" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். அப்பாவும் அதை மறுக்கவில்லை. அவருக்கும் அதுதான் எண்ணம்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் எத்தனையோ வீட்டில் பார்த்தது. எனக்குக் கல்யாணம் ஆகி வேலூருக்கு வந்துவிட்டேன். அப்பா மூச்சுத்திணறலில் போனார், அம்மா அவருக்குப் பின்னால் போனாள். அக்கா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். கம்பெனி வேன் கொண்டுவந்து போடுகிற அப்பரை வீட்டிலேயே கைத்தையல் போட்டுக் கொடுக்கிறாள். போன் வாங்கிக் கொடுத்தேன். எடுக்க மாட்டாள். உயிரோடு இருக்கிறாள் என்பதற்குத் தினமும் சாயந்தரம் ஒரு மிஸ்டு கால் வரும். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் திருப்பத்தூர் மார்க்கெட்டில் அந்த பஸ்ஸில் வந்த ஒருத்தியைப் பார்த்தேன். என்னைப் பிடித்துக்கொண்டு பழைய கதையெல்லாம் பேசினாள். ஹவாய்ப் பாட்டை முழுசாகச் சொல்லிக் காட்டினாள், அவள் பேரப்பிள்ளைகளுக்கும் அது தெரியுமாம். "யாரு பாடினது அது? டிரைவர் பொண்ணு இல்ல?" என்றாள். என் அக்கா என்றேன். "உங்க அக்கா திக்குவாய் ஆச்சே!" என்று அவள் சிரித்தபோது நான் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். கருகிய தோசையைத் தட்டில் போட்டு, என் மகனிடம் இதையெல்லாம் முதல் தடவையாகச் சொன்னேன். பெரியம்மா ஏன் பேசுவதில்லை என்று அவன் கேட்டதே இல்லை. அவன் பிறந்ததிலிருந்து அவள் அப்படித்தான். கேட்டுவிட்டு, சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னான்.

"தாத்தாவுக்கு இன்னாம்மா ஆச்சு? திக்கறவங்களுக்குப் பாடறப்ப திக்காது. தாளத்தோட வந்தா போதும், ராப்பா இருந்தா இன்னா, சாமிப் பாட்டா இருந்தா இன்னா. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே."

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்! கை கழுவிவிட்டு அவன் பாட்டுக்குப் போனை எடுத்துக்கொண்டான். கிளி கொத்திய கொய்யா தெரிந்திருந்தது, தர்காக் கயிறு தெரிந்திருந்தது, இது மட்டும் எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லையே. உலகமெல்லாம் யார் யாருக்கோ பேச்சைக் கொடுத்த ஆல்பம், எங்கள் வீட்டில் இருந்த அரைப் பேச்சையும் வாங்கிக்கொண்டு போயிற்று.

அடுத்த ஞாயிறு மாதனூருக்குப் போனேன். அக்காவிடம் சொல்லிவிடவேண்டும், அவள்மேல் இத்தனை வருஷமாக இருக்கிற பழியைத் துடைத்துவிடவேண்டும் என்று துடித்துக்கொண்டு போனேன். ஏதோ புதையல் கண்டுபிடித்த மாதிரி. அவள் கதவோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. மெழுகு தடவிய நூல், இரண்டு ஊசி, மடியில் பழுப்புத் தோல். நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். ஆல்பத்தைச் சொன்னேன், உலகம் அதைக் கொண்டாடுவதைச் சொன்னேன், மகன் சொன்னதைச் சொன்னேன். நீ நடிக்கலக்கா, உன் மேல ஒரு தப்பும் இல்லக்கா என்று சொல்லும்போது நான்தான் அழுதேன். போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். அவள் ஊசி நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போதும் என்று கையைக் காட்டினாள்.

"ஒரே ஒரு தரம் சொல்லேன்க்கா. நாலு வரி. நான் தட்டறேன்."

அவள் தலையாட்டினாள், வேண்டாம் என்று. கோபமாக இல்லை. பசியில்லாதவர்கள் சாப்பாட்டைத் தள்ளுகிற மாதிரி.

பிறகு ஊசியை நிறுத்தினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடியது. எனக்கு அந்தச் சொல்லை நானே சொல்லி முடித்துவிடவேண்டும் என்று நாக்கு துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெ... தெ... தெரியும்," என்றாள். "பா... பாட்டுல தி... திக்காதுன்னு எ... எனக்குத் தெரியும். அ... அன்னிக்கு அப்பா கிட்ட அ... அதத்தான் சொ... சொ... சொல்ல வந்தேன். மு... முடிக்க விடல."

சொல்லிவிட்டு, வேன் வந்துவிடும் என்று வாசலைக் காட்டித் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.